பாட்டுப் பட்டியல் எழுதி வாங்கிய காலம்: மதுரை வட்டார வீடுகளில் கேசட்டும் ஒலிப்பெட்டியும்

மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இன்று ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம், சொந்தக் காசில் முதன்முதலாக வாங்கிய பாட்டு எது என்று கேட்டால், ஒரு படத்தின் பெயரையோ ஓர் இசைத்தட்டின் பெயரையோ சொல்பவர்கள் குறைவு. வெற்றுக் கேசட் ஒன்றை வாங்கி, வேண்டிய பாடல்களைத் தாளில் எழுதி, ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துப் பதிந்து வாங்கியதாகத்தான் பெரும்பாலோர் சொல்வார்கள். அதாவது அவர்கள் காசு கொடுத்தது, ஒரு நிறுவனம் தொகுத்து உறையிட்டு விற்ற பொருளுக்கு அன்று. தாங்களே தேர்ந்தெடுத்து எழுதிய பட்டியலை ஒருவர் உட்கார்ந்து பதிந்து கொடுத்த வேலைக்கு. இந்தப் பழக்கம் ஏன் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதைப் புரிந்துகொள்ள, பாட்டை விட்டுவிட்டுப் பாட்டு ஒலித்த கருவிகளின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

இசைத்தட்டு இந்த வட்டாரத்துக்குப் புதியதன்று. காரைக்குடியில் ஏ.வி. அண்ட் சன்ஸ் என்ற கடையில் கிராமபோன் தட்டுகள் விற்ற குடும்பத்திலிருந்து வந்தவர்தான் ஏ.வி. மெய்யப்பன், தட்டு விற்பதைவிடத் தட்டு தயாரிப்பது மேல் என்று எண்ணிச் சென்னைக்குப் போய்ச் சரஸ்வதி ஸ்டோர்ஸைக் கூட்டாகத் தொடங்கியவர், அதன் பிறகே படமெடுக்க வந்தார். மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரல் அவருடைய சிறு வயதிலேயே தட்டில் ஏறிவிட்டது. ஆனால் நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற அந்த அரக்குத் தட்டில், பத்து அங்குல அளவானால், பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் இடம் இருந்தது. இரும்பு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். கைதவறினால் தட்டு உடைந்து போகும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளும் மதுரையில் வசதி படைத்த சில குடும்பங்களும் வாங்கிய பொருள் அது. பின்னர் உடையாத பிளாஸ்டிக்கில் 45 சுற்று இ.பி. தட்டும், நெடுநேரம் ஓடும் 33⅓ சுற்று எல்.பி. தட்டும் வந்தபோதும் நிலைமை பெரிதாக மாறவில்லை. நான்கு பாட்டுக்காக ஓர் இ.பி. வாங்குவதென்றால், முதலில் அதைச் சுழற்றுவதற்கு வீட்டில் ஒரு பிளேயர் இருக்க வேண்டும். அது இல்லாதவருக்குத் தட்டு எதற்கு?

அப்படியானால் தட்டுகளை வாங்கியவர்கள் யார்? கிராமப்புறத்தைப் பொறுத்தவரை, பெரும் வாடிக்கையாளர்கள் சவுண்ட் சர்வீஸ்காரர்கள். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கங்களில் 'ரேடியோ கட்டுவது' என்றால் வானொலிப் பெட்டியைக் குறிக்காது. வேப்ப மரத்திலோ மூங்கிலிலோ குழாய் ஒலிபெருக்கியைக் கட்டி, அகுஜா ஆம்ப்ளிபயரோடு இணைத்து, விடியற்காலையில் பக்திப் பாட்டில் தொடங்குவதைக் குறிக்கும். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், பங்குனிப் பொங்கல், முளைப்பாரி என்று எதுவானாலும் முதலில் கேட்கும் கேள்வி யாருடைய செட் என்பதாகவே இருந்தது. ஒரு சவுண்ட் சர்வீஸ்காரரின் மதிப்பு அவர் தகரப்பெட்டியில் எத்தனை தட்டு வைத்திருக்கிறார், புதுப்படத் தட்டு வந்துவிட்டதா என்பதைப் பொறுத்தது. படத்தின் வசனத்தையும் பாட்டையும் சேர்த்துப் பதிந்த 'திருவிளையாடல்' ஒலிச்சித்திரத் தட்டுகளை அவர்கள் எத்தனை முறை ஓட்டியிருப்பார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. மதுரையில் நடக்கும் கதை என்பதால், தருமி புலம்பும் இடம் வரும்போது பந்தியில் பரிமாறுகிறவர்கள் சேர்ந்து வசனம் சொல்வதை இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். இவ்வகையில் தட்டு என்பது ஊருக்குப் பொதுவான பொருளாக இருந்ததே தவிர, வீட்டுப் பொருளாகவில்லை. எந்தப் பாட்டு எப்போது ஒலிக்க வேண்டும் என்பதும் கேட்பவர் கையில் இல்லை.

வானொலி இன்னொரு விதமான பயிற்சியைக் கொடுத்தது. மர்பி, புஷ், பிலிப்ஸ் வால்வு ரேடியோக்கள் சூடாகிக் குரல் வருவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். வீட்டுக்குள்ளே கம்பி வலை ஏரியல் தொங்கும். வைத்திருப்பதற்கு உரிமம் பெற்று ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் கட்டணம் கட்ட வேண்டும். இந்த உரிம முறை 1980களின் நடுப்பகுதியில்தான் கைவிடப்பட்டது. 1939இல் தொடங்கிய திருச்சி நிலையம் மதுரைக்குத் தெளிவாகக் கேட்கும் என்றாலும், சினிமாப் பாட்டுக்கு மக்கள் திருப்பியது இலங்கை வானொலியைத்தான். 1952இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரையிசையை ஒதுக்கியதும், 1957இல் அதன் திரையிசைச் சேவையான விவித பாரதி தொடங்கும் வரை அந்த இடத்தை இலங்கை நிரப்பியதும் பலரும் அறிந்தவை. விவித பாரதி வந்த பின்னும் தென்மாவட்டங்கள் இலங்கையை விடாததற்கு நிலவியலும் ஒரு காரணம் என்பது என் கருத்து. நேர்கோட்டில் பார்த்தால் மதுரைக்குச் சென்னையைவிடக் கொழும்பு சற்றே அருகில் இருக்கிறது; நடுவில் பெரும்பகுதி கடல் என்பதால் மத்திய அலைக்குத் தடையும் குறைவு.

இலங்கை அறிவிப்பாளர்கள், குறிப்பாக கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும், பாட்டுக்கு முன்னால் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார்கள். அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் நோட்டுப் புத்தகங்கள் பல வீடுகளில் இருந்தன. கொட்டகை வாசலில் விற்ற மட்டமான தாளில் அச்சிட்ட பாட்டுப் புத்தகங்கள் மீதி விவரங்களைத் தந்தன. பாட்டை வாங்கும் வசதி வருவதற்கு வெகு முன்பே, பாட்டின் முழு விலாசத்தையும் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் இங்கே வந்துவிட்டது. ரெக்கார்டிங் சென்டருக்குப் போன பட்டியல்களின் மூலம் இந்த நோட்டுகள்தான்.

பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை 1963இல் வெளியிட்டது. 3.81 மில்லிமீட்டர் அகல நாடா, நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகம்; இந்தக் குறைந்த வேகத்தால்தான் சட்டைப்பையில் அடங்கும் பெட்டியில் ஒரு மணி நேரம் அடங்கியது. மதுரை வட்டாரத்துக்கு அது பரவலாக வந்து சேர்ந்தது 1970களின் பிற்பகுதியில், வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்களின் பெட்டிகளில். கீழக்கரை, பரமக்குடிப் பக்கத்திலிருந்து போனவர்கள் விடுமுறைக்குத் திரும்பும்போது நேஷனல் பானாசோனிக், ஷார்ப், சான்யோ டூ இன் ஒன்கள், அதாவது ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த செட்டுகள், வந்தன. சிங்கப்பூர், மலேசியா உறவுகள் வழியாகவும் வந்தன. இறக்குமதி வரி கடுமையாக இருந்த காலத்தில் கடையில் வாங்குவதைவிட 'வெளிநாட்டு செட்' இப்படித்தான் வீட்டுக்குள் நுழைந்தது. சிலர் பணத்தேவைக்காக அதை டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் விற்றுவிட, உள்ளூர்க்காரர் ஒருவர் சீட்டுப் பணம் எடுத்து அதை வாங்கிப் போவார். மகளுக்குச் சீர் வரிசையில் டேப் ரெக்கார்டர் வைப்பதும் அந்தக் காலத்தில்தான் தொடங்கியது.

இங்கே கவனிக்க வேண்டிய முரண் ஒன்று உண்டு. கருவி வந்துவிட்டது, அதில் போடுவதற்கு நிறுவனங்கள் வெளியிட்ட தமிழ்க் கேசட்டுகள் போதுமான அளவில் வரவில்லை. தமிழ்த் திரையிசையின் பெரும் சேமிப்பு இன்னும் தட்டுகளில்தான் இருந்தது. கருவி வீட்டிலும் பாட்டு தட்டிலுமாக நின்ற அந்த இடைவெளியில் முளைத்ததுதான் ரெக்கார்டிங் சென்டர்.

பெரும்பாலும் அது மாசி வீதிகளையோ பேருந்து நிலையத்தையோ ஒட்டிய சந்தில், இரண்டு ஆள் நிற்கும் அளவுக்கே இடமுள்ள கடை. சுவர் முழுக்க எல்.பி. உறைகள் முதுகைக் காட்டி அடுக்கியிருக்கும். ஒரு டர்ன்டேபிள், இரண்டு கேசட் டெக், ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்யும், விளக்குகள் துள்ளும் ஈக்வலைசர், வெளியே தெருவைப் பார்த்து ஒரு ஸ்பீக்கர். பட்டியலை வாங்கியதும் கடைக்காரர் முதலில் பார்ப்பது பாட்டை அன்று, நேரத்தை. சி-60 கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். நாலரை நிமிடப் பாட்டென்றால் ஆறு பாட்டு அடங்கி மூன்று நிமிடம் மிஞ்சும். அந்த மூன்று நிமிடத்தில் எதை நுழைப்பது என்பதே இந்தத் தொழிலின் நுட்பம். பழைய கறுப்பு வெள்ளைப் படப் பாடல்களில் மூன்று நிமிடத்துக்குள் முடிபவை நிறைய உண்டு என்பதால், புதுப்பாட்டுப் பட்டியலின் கடைசியில் டி.எம். சௌந்தரராஜனோ பி. சுசீலாவோ வந்து நிற்பார்கள். 'ஏ சைடுல அரை நிமிசம் இடிக்குது தம்பி, சின்னப் பாட்டா ஒண்ணு மாத்திக் குடுங்க' என்று கடைக்காரர் சொல்லும்போது, அங்கேயே நின்று எதை வெட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும். மாற்றாமல் விட்டால் கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவில் அறுந்து போகும். அப்படி அறுந்த பாட்டை முழுதாகக் கேட்டாலும் அந்த இடத்தில் மனம் தானாக நின்றுவிடுகிற பழக்கம் எங்கள் தலைமுறையில் பலருக்கு உண்டு.

சி-90 போடச் சொன்னால் பக்கத்துக்கு 45 நிமிடம். அதற்கு மேல் சி-120 என்று ஒன்று இருந்தது. ஆனால் விவரம் தெரிந்த கடைக்காரர் அதில் பதிய மாட்டார். சி-60 நாடாவின் தடிமன் ஏறத்தாழ 18 மைக்ரான் என்றால் சி-90க்கு 12, சி-120க்கு 9. அவ்வளவு மெல்லிய நாடா மதுரை வெயிலில் இளகி, நாடாவை அழுத்தி இழுக்கும் பிஞ்ச் ரோலரில் சுற்றிக்கொண்டு குடல் சரிந்து வெளியே வந்துவிடும். பதிவு என்பது ஓடும் நேரத்துக்கே ஓட வேண்டிய வேலை என்பதால், ஒரு சி-90க்கு ஒன்றரை மணி நேரம் டெக் முடங்கும். அதனால்தான் இன்று கொடுத்தால் அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். தீபாவளிக்கு முன் கொடுத்தது தீபாவளிக்குப் பிறகு கிடைப்பதும் உண்டு. வாங்கும்போது உறைத் தாளில் பால்பாயிண்ட் பேனாவால் அழகான கையெழுத்தில் பாட்டு வரிகள் இருக்கும், கீழே கடையின் ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் கேசட்டின் பின்விளிம்பில் உள்ள சிறு பிளாஸ்டிக் காதை உடைத்துவிட வேண்டும். உடைத்தால் யாரும் தவறுதலாக அதன்மேல் பதிய முடியாது. பிறகு சலித்துப்போனால், உடைத்த இடத்தில் தாளைத் திணித்து டேப் ஒட்டி மீண்டும் பதியலாம் என்பதைத் தம்பிகள் விரைவிலேயே கண்டுபிடித்தார்கள்.

1976இல் இளையராஜா திரைக்கு வந்ததையும் இந்தக் கடைகளின் வளர்ச்சியையும் பிரித்துப் பார்க்க முடியாது. அவருடைய பண்ணைப்புரம் அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. தேனி தனி மாவட்டமானது 1996இல்தான். 1970களின் முடிவில் தமிழ்ப் படப் பாடல்கள், இடம் வலம் என இரு தடமாகப் பிரிந்து ஒலிக்கும் ஸ்டீரியோவில் வரத் தொடங்கியபோது, வீடுகளில் இருந்தவையோ பெரும்பாலும் ஒற்றை ஸ்பீக்கர் மோனோ செட்டுகள். ஆனாலும் ஸ்டீரியோ கேசட் அவற்றில் சிக்கலின்றி ஓடியது. பிலிப்ஸ் வடிவமைப்பில் ஒரு பக்கத்தின் இடது, வலது தடங்கள் இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால், மோனோ செட்டில் நாடாவைப் படிக்கும் ஹெட் இரண்டையும் சேர்த்தே படித்துவிடும். வயலின் ஒரு பக்கமும் கிட்டார் மறுபக்கமுமாகப் பிரிந்து வருவதை, அண்ணன் துபாயிலிருந்து ஸ்டீரியோ செட்டோ வாக்மேனோ கொண்டுவந்த பிறகுதான் பலர் கேட்டார்கள். பல ஆண்டுகளாகக் கேட்ட பாட்டு அன்று வேறொன்றாக இருந்தது.

சட்டப்படி இந்தப் பதிவுகள் எல்லாம் திருட்டுப் பிரதிகளே. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின்படியே அனுமதியின்றிப் பதிந்து விற்பது குற்றம். 1984 திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கியதோடு, ஒலிப்பதிவின் உறையில் தயாரித்தவர் பெயர், முகவரி முதலிய விவரங்களை அச்சிட வேண்டும் என்றும் விதித்தது. அதே காலத்தில் எக்கோ போன்ற நிறுவனங்களின் கேசட்டுகளும், வட இந்தியாவிலிருந்து டி-சீரிஸின் மலிவான கேசட்டுகளும் பரவலாகக் கிடைத்தன. இந்த ஏக்கக் கதையைச் சொல்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அந்த ரப்பர் ஸ்டாம்ப் கேசட்டுகளிலிருந்து பாடியவருக்கோ இசையமைத்தவருக்கோ ஒரு காசும் போகவில்லை. இருந்தும் நிறுவனக் கேசட் பட்டியல் கேசட்டை வீழ்த்த முடியவில்லை. ஒரு படக் கேசட்டில் ஐந்து பாட்டில் மூன்று பிடிக்கும். பட்டியலில் பதினான்கும் பிடித்தவை. படத்தைவிடப் பாட்டே அலகு என்று வானொலியும் சவுண்ட் சர்வீஸும் ஏற்கெனவே பழக்கியிருந்த காதுகள் அவை.

கருவியைப் பராமரிப்பதும் ஒரு தனிக் கல்வி. கிராமங்களில் மாலையானால் மின்னழுத்தம் விழும், செட் இழுக்கும், பாடகியின் குரல் பாடகர் குரலாகும். எனவே பலர் பெரிய டார்ச் செல்களை நம்பினார்கள். ஆறு எவரெடி செல்கள் தீர்ந்துவிட்டால் உடனே எறிவதில்லை. மொட்டை மாடியில் வெயிலில் வைத்தால் ஓரிரு பாட்டுக்குத் தாங்கும். அது மூட நம்பிக்கை அன்று. உள்ளேயுள்ள வேதிவினை சூட்டில் சற்று வேகம் பெறுவதால் மிச்சமிருக்கும் கொஞ்சமும் வெளியே வரும். நாடாவை ரீவைண்ட் செய்தால் செல் இறங்கும் என்பதால் அதைக் கையால்தான் செய்தோம்: கேசட் சக்கரத்தின் உள்ளே ஆறு பற்கள், நடராஜ் பென்சிலுக்கு ஆறு பக்கம், நுழைத்துக் கிறுகிறுவென்று சுற்றினால் முடிந்தது.

செட்டின் உள் ஸ்பீக்கர் போதாது என்று தோன்றியதும் அடுத்த கட்டம் தொடங்கும். பானை ஸ்பீக்கரை இங்கே சற்று விளக்கியாக வேண்டும். ஆறு அல்லது எட்டு அங்குல ஸ்பீக்கரை வெறுமனே மேசையில் வைத்தால் கிரீச்சென்று ஒலிக்கும், பேஸ் எனப்படும் கனத்த அடித்தொனி வராது. கூம்புத் தாள் முன்னால் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்னால் இழுக்கிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர், அவ்வளவு நீண்ட அலை, எட்டு அங்குல விளிம்பைச் சுற்றி எளிதாக வளைந்து வந்து, முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஸ்பீக்கரை மண்பானையின் வாயில் வைத்து விளிம்பை எம்-சீலால் அடைத்துவிட்டால், பின்னலை உள்ளேயே சிறைப்படும். பேஸ் வெளியே வரும். தடித்த மண்சுவர் மெல்லிய பலகையைப் போல உடன் நடுங்குவதுமில்லை. ஆனால் பானை சிறியதானால் உள்ளே அடைபட்ட காற்று இறுக்கமான சுருள்வில்லாகி, ஒரே சுருதியில் தும் தும் என்று அதிரும்; அதற்குப் பழைய துணியோ பஞ்சோ திணிப்பார்கள். கடத்துக்குப் பெயர் பெற்ற மானாமதுரையிலிருந்து பானை வாங்கி வந்தால் ஒலி கூடும் என்று நம்பியவர்களும் இருந்தார்கள். கடத்துக்கு மண் பாட வேண்டும். ஸ்பீக்கர் பானைக்கோ மண் வாயே திறக்கக் கூடாது.

அந்தப் பானையை இயக்கியவை பெரும்பாலும் 'அசெம்பிள் செட்டுகள்'. ரேடியோ மெக்கானிக் ஒருவர் 2என்3055 டிரான்சிஸ்டர்களையோ பின்னர் வந்த 4440 ஐ.சி.யையோ வைத்து, ஒரு டிரான்ஸ்பார்மரும் கார் டேப் டெக்கும் சேர்த்து, ரெக்ஸின் ஒட்டிய பிளைவுட் பெட்டியில் அடக்கித் தருவார். 4440 இரண்டு தடத்துக்கும் தலா ஆறு வாட் அளவில் தரும். விற்பவரோ நூறு வாட் என்பார். அந்த நூறு வாட்டை யாரும் அளந்து பார்த்ததில்லை. முன்பக்கத்தில் சிவப்பும் பச்சையுமாய் விளக்கு ஆடினால் போதுமானதாக இருந்தது.

கேசட்டில் சினிமாப் பாட்டு மட்டும் இருந்தது என்று நினைக்கக் கூடாது. கார்த்திகை பிறந்தால் ஐயப்பன் பாட்டு, ஆடியில் அம்மன் பாட்டு, கிருபானந்த வாரியார் சொற்பொழிவு, பட்டிமன்றம், மாநாட்டுப் பேச்சு என்று எல்லாம் விற்றன. தட்டு வெளியிடும் நிறுவனங்கள் அதிகம் திரும்பிப் பார்க்காத நாட்டுப்புறப் பாட்டுக்குக் கேசட்டின் குறைந்த செலவு வழி திறந்தது. மதுரையைச் சேர்ந்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் போன்றோரின் குரல் வீடுகளுக்குப் போனது அதன் வழியேதான்.

1990களின் இறுதியில் சி.டி. வந்தபோது பட்டியல் கேசட் ஆட்டம் கண்டது. எம்பி3 வந்தபோது விழுந்தது. ஒரு 700 எம்பி சி.டி.யில் சுமார் 140 பாட்டு அடங்கும்போது, பதினான்கைத் தேர்ந்தெடுக்க யார் மெனக்கெடுவார்கள்? ரெக்கார்டிங் சென்டர்கள் செல்போன் கடைகளாக மாறின. சில ஆண்டுகள் அதே சந்தில், அதே மேசையில், மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்தார்கள். வாடிக்கையாளர் சிலர் பழக்கத்தில் தாளில் எழுதியும் கொண்டுவந்தார்கள். கடைக்காரர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, 'இளையராஜா ஹிட்ஸ்' என்று ஏற்கெனவே தொகுத்து வைத்திருந்த போல்டரை அப்படியே காப்பி செய்து கொடுத்தார். 4 ஜிபி கார்டு நிரம்பச் சில நிமிடங்களே ஆனது, கட்டணமும் கார்டுக்கு இவ்வளவு என்றுதானே தவிர, பாட்டுக்கு இவ்வளவு என்று இல்லை.